நான்குவழிச்சாலைக்குப் பணம் இருக்கிறது, பள்ளிக்கூடத்துக் கூரைக்கு ஏன் இல்லை?

நெல்லை மாநகராட்சியின் வரவுசெலவுத் திட்டம் வெளியாகும் காலத்தில், உள்ளாட்சிக் கட்டடப் பராமரிப்பில் நெடுங்காலம் பணியாற்றிய பொறியாளன் என்ற முறையில் என்னிடம் பலரும் கேட்பது இதுதான்: சாலைக்குக் கோடிக்கணக்கில் செலவிடுபவர்களுக்கு வார்டுக் கழிப்பறையின் கதவைச் சீராக்க முடியாதா?

கேள்வி நியாயமானது, ஆனால் பணம் வரும் வழிகள் வேறு. நெல்லையைத் தொட்டுச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 மத்திய அரசின் பொறுப்பு. மாநிலச் சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையவை. உள்தெருக்கள் மட்டுமே மாநகராட்சிக்கு உரியவை. ஒன்றின் பணத்தை மற்றொன்றுக்குத் திருப்ப முடியாது. மத்திய வரிவருவாயின் பங்கீட்டையும் மானியத்தையும் பரிந்துரைக்கும் 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்குப் பரிந்துரைத்த மானியத்திலும், நெல்லை போன்ற பத்து லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கு 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்குமே கட்டுப்பட்டது. ஆகவே பூங்கா வேலி, படிப்பகத்தின் ஜன்னல், பள்ளிக் கூரை ஆகியவை பெரும்பாலும் சொத்துவரி போன்ற சொந்த வருவாயையே நம்பியிருக்கின்றன. சம்பளம், ஓய்வூதியம், மின்கட்டணம் எல்லாம் போக மிஞ்சுவதே அவற்றுக்கு வருகிறது.

அப்படியானால் சாலைக்கும் கட்டடத்துக்கும் தொடர்பே இல்லையா என்றால், உண்டு. அது தொகை ஒதுக்கீட்டில் தெரியாது, மழை பெய்யும்போது தெரியும். பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதிய அடுக்கைப் போடும்போது சாலை மட்டம் உயர்ந்துகொண்டே போகிறது. சுரண்டிய பிறகே போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலர் அறிவுறுத்த வேண்டி வந்ததே இந்தப் பழக்கத்தின் ஆழத்தைக் காட்டும். அகலப்படுத்திய சாலையின் நீர் நெல்லைக் கால்வாய்க்கோ பாளையங்கால்வாய்க்கோ போகும் வழி அடைபட்டிருந்தால், அது தாழ்வான பள்ளி வளாகத்திலும் சுகாதார நிலையத்திலும் தேங்குகிறது. 2023 டிசம்பர் பெருமழை விதிவிலக்கு. நான் சொல்வது ஆண்டுதோறும் வரும் ஐப்பசி, கார்த்திகை மழையை.

தேங்கிய நீரை அடித்தளம் உறிஞ்சுகிறது, சுவர் ஓதம் காக்கிறது. மேலே தட்டோடுகளின் இணைப்பு விரிந்திருந்தால் கசிவு கம்பியை எட்டும். துருப்பிடித்த கம்பி பருத்து, உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும். இணைப்பைப் பூசச் சில ஆயிரம் ரூபாய் போதுமான நிலையில் விட்டுவிட்டு, கம்பி வெளியே தெரிந்த பிறகு தளத்தையே இடித்துக் கட்டச் சில லட்சங்கள் கேட்பதை நான் பல கட்டடங்களில் பார்த்திருக்கிறேன். இடித்துக் கட்டினால் அது மூலதனச் செலவாக, அதாவது புதிய சொத்தை உருவாக்கும் செலவாகிவிடும், அடிக்கல்லும் நாட்டலாம். பூச்சுவேலைக்கு யாரும் விழா எடுப்பதில்லை.

புதிதாகக் கட்டும் எதுவும், ஒப்பந்தக்காரர் தம் செலவில் பழுதைச் சரிசெய்து தரவேண்டிய குறைபாடு நிவர்த்திக் காலம் முடிந்ததும், பராமரிப்புக் கணக்கில் வந்து சேர்கிறது. அணுகுசாலை விளக்கின் மின்கட்டணமும் பல ஊர்களில் உள்ளாட்சியின் தலையில்தான் விழுகிறது. ஆனால் திட்டத்தை அறிவிக்கும்போது கட்டுமானத் தொகையைச் சொல்கிறார்களே தவிர, ஆண்டுப் பராமரிப்புத் தொகையைச் சொல்வதில்லை. இதுதான் பெரிய குறை என்பது என் கருத்து.

வரவுசெலவுத் திட்டத்தைப் படிப்பவர்கள் முதலில் வருவாய் மற்றும் மூலதன நிதியில் பழுதுபார்ப்புக்கான தலைப்பைத் தேடி, சென்ற ஆண்டின் மதிப்பீட்டுத் தொகையோடு உண்மையில் செலவானதை ஒப்பிட வேண்டும். தொடக்கக் கல்வி நிதியிலும் அவ்வாறே பார்க்க வேண்டும். உங்கள் பகுதியில் சாலைப்பணி வருமானால், சாலை மட்டம் எவ்வளவு உயரும், மழைநீர் எந்தக் கால்வாயில் சேரும், அந்த வடிகாலை ஆண்டுதோறும் தூர்வாரும் செலவு எந்தத் துறையுடையது என்பதை, மதிப்பீடு தயாராகும் கட்டத்திலேயே, வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்தில் எழுத்துமூலம் கேளுங்கள். பணி ஆணை வழங்கிவிட்டால் மட்டத்தை மாற்றுவது ஏறக்குறைய இயலாது.