தண்ணீர் குடித்த ஆலிவ், காரம் குறைந்த எண்ணெய்

ஆலிவ் மரத்துக்கு நிறையத் தண்ணீர் பாய்ச்சினால் எண்ணெயில் உள்ள நல்ல சத்து குறைந்துவிடும் என்கிறார்களே, உண்மையா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் தண்ணீர் இந்த வேலையை இரண்டு இடங்களில் செய்கிறது, ஒன்று மரத்தில், இன்னொன்று செக்கில். அந்த இரண்டாவது இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

முதலில், எந்தச் சத்து? புதிதாகப் பிழிந்த ஆலிவ் எண்ணெயை ஒரு மடக்கு விழுங்கிப் பாருங்கள். நாக்கில் கசக்கும், சில நொடிகளில் தொண்டை கமறும், சிலருக்கு இருமலே வந்துவிடும். இரண்டும் பாலிஃபீனால்கள், சுருக்கமாக ஃபீனால்கள், என்ற தாவர வேதிப்பொருள்களின் வேலை. கமறலுக்குக் காரணமான பொருளின் பெயர் ஒலியோகாந்தல். சிசிலியில் புது எண்ணெயை ருசி பார்த்த கேரி பியூசாம்ப் என்ற அமெரிக்க விஞ்ஞானிக்கு, இபுபுரூஃபென் என்ற வலிமருந்தைத் திரவமாக விழுங்கினால் வரும் அதே கமறலாகத் தோன்றியது. அவருடைய குழு 2005-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, இரண்டும் வீக்கத்தோடு தொடர்புடைய அதே நொதிகளைத் தடுக்கின்றன என்று காட்டியது. அதற்காக எண்ணெயை மாத்திரைக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு கரண்டியில் இருப்பது ஒரு மாத்திரையின் சிறு பங்குதான்.

சரி, மரத்துக்கு வருவோம். ஆலிவ் இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெள்ளிபோல மின்னும். நுண்ணோக்கியில் பார்த்தால் அது குடை குடையாக விரிந்த நுண்ணிய செதில்களின் கூட்டம். இலைத்துளைகள் அத்தனையும் அந்தக் குடைகளுக்கு அடியில் ஒளிந்திருக்கின்றன. மண் காய்ந்தால் மரம் இந்தத் துளைகளை மூடிக்கொள்கிறது. உள்ளே வரும் கரியமிலவாயு குறைகிறது, வெயில் மட்டும் குறைவதில்லை. செலவாகாத ஒளியாற்றல் செல்லுக்குள் தீங்கான ஆக்சிஜன் வடிவங்களை உண்டாக்குகிறது. அதைச் சமாளிக்கும் ஏற்பாடுகளில் ஒன்றுதான் ஃபீனால்கள். ஸ்பெயினில் அர்பெக்கினா ரக மரங்களில், தண்ணீர் குறைத்துவிடப்பட்டவற்றின் காய்களில் ஃபீனால் உற்பத்தியின் வாசலில் நிற்கும் நொதி கூடுதல் மும்முரமாக இருந்ததை 2002-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. தண்ணீர் தாராளமாகக் கிடைக்கும் மரத்துக்கு அந்த அவசரம் இல்லை.

இப்போது செக்குக்குப் போவோம். காய்க்குள் இருக்கும் முக்கியமான கசப்புப் பொருள் ஒலியூரோபீன். அதன் ஒரு முனையில் ஒரு சர்க்கரை மூலக்கூறு ஒட்டியிருக்கிறது. அந்தச் சர்க்கரை இருக்கும்வரை அது நீரில் கரையும், எண்ணெய்ப் பக்கம் எட்டிப்பார்க்காது. அந்தச் சர்க்கரையை வெட்டக்கூடிய நொதியும் அதே காயில்தான் இருக்கிறது, ஆனால் தனி அறையில். முழுக் காயில் இரண்டும் சந்திப்பதே இல்லை. ஒரு பூச்சி கடித்தால் சுவர் உடைகிறது, இரண்டும் கலக்கின்றன. சர்க்கரை கழன்ற மூலக்கூறு புரதங்களைப் பிடித்து ஒன்றோடொன்று பின்னிவிடுகிறது. கடித்த பூச்சிக்கு அந்த உணவிலிருந்து புரதம் சரியாகச் சேராது. எவ்வளவு அழகான பொறி!

செக்கில் காயை அரைக்கும்போது நாம் அந்தப் பொறியை டன் கணக்கில் ஒரே நேரத்தில் வெடிக்க வைக்கிறோம். சர்க்கரை போனதும் மூலக்கூறுக்கு நீர் மேல் இருந்த பற்று குறைகிறது, கொஞ்சம் எண்ணெய்க்குள் நழுவி வருகிறது. கொஞ்சம்தான். காயில் இருந்த ஃபீனால்களில் பெரும்பங்கு கழிவு நீரோடும் சக்கையோடும் போய்விடுகிறது, எண்ணெய்க்குக் கிடைப்பது நூற்றில் சில பங்கு. தண்ணீர் குடித்துப் பருத்த காயில் அந்த நீர் இன்னும் அதிகம், ஆகவே அது இழுத்துக்கொண்டு போவதும் அதிகம். மரத்தில் குறைவாக உருவானது, செக்கில் இன்னும் குறைகிறது. எண்ணெயைப் பிரிக்க வெந்நீர் சேர்க்கும் பழைய முறையைவிட, 1990-களில் ஸ்பெயினில் பரவிய, நீர் சேர்க்காமல் பிரிக்கும் முறையில் ஃபீனால் அதிகம் தங்குவதும் இதே காரணத்தால்தான்.

அப்படியானால் மரத்தைக் காயப்போட்டுவிடலாமா? கூடாது. காய் சுருங்கும், விளைச்சல் சரியும், அடுத்த ஆண்டுக்கான தளிரும் குறையும். அதனால் மத்தியதரைக்கடல் நாடுகளில் பலர் கோடை நடுவில், கொட்டை இறுகும் வாரங்களில் மட்டும் நீரைக் குறைக்கிறார்கள். அந்தக் கட்டத்தில் ஆலிவ் வறட்சியை நன்றாகத் தாங்கும். அப்புறம், காயில் எண்ணெய் சேரும் காலத்தில் மறுபடி நீர் தருகிறார்கள்.

எவ்வளவு குறைப்பது என்பதில்தான் சிக்கல். ஆலிவ் ஓராண்டு கொத்துக் கொத்தாகக் காய்க்கும், மறு ஆண்டு ஓய்ந்துவிடும். காய்ச்சுமை மாறினால் ஃபீனாலும் மாறும். இரண்டே ஆண்டுக்கு நிதி கொடுத்தால், ஒரு சுமை ஆண்டையும் ஓர் ஓய்வு ஆண்டையும் பார்த்துவிட்டு ஆய்வாளர் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஒரே தோட்டத்தை, ஒரே மரங்களை, எட்டு பத்து ஆண்டு தொடர்ந்து அளக்கப் பணம் கொடுக்கும் மனம் நிதி தருபவர்களுக்கு வேண்டும். நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போகும் தோட்டங்களுக்கு அந்த அளவீடுகள் இப்போதே தேவைப்படுகின்றன.