செக் வைப்பதும் செக் பண்ணுவதும்

‘எதிரணிக்குச் செக் வைத்தார்’ என்பது செய்தித் தலைப்பு. ‘கதவைப் பூட்டியாச்சா, செக் பண்ணு’ என்பது வீட்டுப் பேச்சு. ‘செக் கொடுத்தார், திரும்பிவிட்டது’ என்பது கடன் கொடுத்தவரின் புலம்பல். சொல் ஒன்றுதான். கூட வரும் வை, பண்ணு, கொடு ஆகிய வினைகளே தமிழில் பொருளைப் பிரித்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் இந்த வசதி குறைவு. இடம் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

இவற்றில் மூத்த பொருள் ‘செக் வை’தான். பாரசீகத்தில் ‘ஷா’ என்றால் அரசன். சதுரங்கத்தில் எதிரியின் அரசனைத் தாக்கும்போது அந்தப் பெயரைச் சொல்லி எச்சரிப்பார்கள். அது அரபி, இலத்தீன், பழைய பிரெஞ்சு வழியாக வந்து 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ‘செக்’ ஆயிற்று. ‘செஸ்’ என்பதும் இதே சொல்லின் பன்மையிலிருந்து பிறந்ததுதான். ‘செக்மேட்’டின் மூலமான ‘ஷா மாத்’துக்கு ‘அரசன் செத்தான்’ என்று பொருள் சொல்வார்கள். ‘போக்கிடமின்றி நிற்கிறான்’ என்பதே ஆட்டத்துக்குப் பொருந்தும். அரசனை யாரும் வெட்டுவதில்லையே.

செக் விழுந்தால் மற்றத் திட்டமெல்லாம் நின்றுவிடும். அரசனை நகர்த்த வேண்டும், நடுவில் ஒரு காயை வைத்து மறைக்க வேண்டும், அல்லது தாக்கும் காயை வெட்ட வேண்டும். இதிலிருந்துதான் ‘தடு, நிறுத்து, அடக்கு’ என்ற பொருள் விரிந்தது. ‘சரியா என்று பார்’ என்பது 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்து சேர்ந்த இளைய பொருள்.

பலகையின் கட்டங்கள் தனிக் கிளை. 12-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 10 அடி நீளமும் 5 அடி அகலமும் கொண்ட மேசையில் கட்டம் போட்ட துணியை விரித்து, அதில் காய்களை வைத்து அரசுக் கணக்குப் பார்த்தார்கள். அந்த அலுவலகத்துக்கு ‘எக்ஸ்செக்கர்’ என்று பெயர் வந்தது. கட்டம் போட்ட சட்டையைச் செக் என்பதும் இந்த வழிதான். வங்கிச் செக் முதலில் மோசடியைத் தடுக்க வைத்துக்கொண்ட அடிக்கட்டையைக் குறித்தது. அதற்குத் தமிழில் காசோலை. காசும் ஓலையும் சேர்ந்த நல்ல சொல்.

மொழிபெயர்க்கும்போது சிக்கல் வருவது, எல்லாச் செக்குக்கும் ‘சரிபார்’ போடுவதால். சரிபார்க்க ஒப்பிட இன்னொன்று வேண்டும்: மூலத்தோடு நகல், பட்டியலோடு சரக்கு. விடை தெரியாததைக் கண்டறிவது சோதிப்பது: இரத்தம், இயந்திரம், மண். வெறுமனே இருக்கிறதா இல்லையா என்று அறிய ‘பார்’ போதும்.

செயலிகளில் ‘உங்கள் மின்னஞ்சலைச் சரிபார்க்கவும்’ என்று வரும். முகவரியில் எழுத்துப் பிழை தேடுவதா, வந்த அஞ்சலைத் திறப்பதா? ‘மின்னஞ்சல் வந்திருக்கிறதா என்று பாருங்கள்’ என்றால் குழப்பமே இல்லை. படிவத்தில் கட்டத்தைச் செக் செய்யச் சொன்னால் அது ‘டிக் செய்க’ அல்லது ‘குறியிடுக’. விடுதியில் செக்-இன் ‘அறை எடுப்பது’, செக்-அவுட் ‘அறையைக் காலி செய்வது’.

பெரிய பிழை மூத்த பொருளை மறப்பதில் நேர்கிறது. நோய் பரவல் செக் செய்யப்பட்டது என்ற ஆங்கில வாக்கியம் ‘பரவல் சோதிக்கப்பட்டது’ என்று தமிழாகிவிடுகிறது. கட்டுப்பட்ட நோய், ஆய்வுக்கூடத்துக்குப் போய்விடுகிறது! அங்கே ‘கட்டுப்படுத்தப்பட்டது’ என்றுதான் எழுத வேண்டும். இதன் எதிர்மறையான ‘அன்செக்ட்’ என்பதும் அப்படித்தான்: அதிகாரத்தைப் பற்றி வந்தால் ‘கட்டுக்கடங்காத’, படிவக் கட்டத்தைப் பற்றி வந்தால் ‘குறியிடாத’. ஐயம் வந்தால் அந்த இடத்தில் ‘செக் வை’, ‘செக் பண்ணு’ இரண்டையும் போட்டுப் பாருங்கள். ‘வை’ ஒட்டினால் தடு, அடக்கு, கட்டுப்படுத்து. ‘பண்ணு’ ஒட்டினால் பார், சரிபார், சோதி.