கொழுப்பு இறங்கியாச்சு, இன்னும் எதற்கு மாத்திரை?

பாம்பனிலிருந்து வரும் அண்ணன் ஒருவர். வயது 52, விசைப்படகில் வேலை, எட்டு வருடமாகச் சர்க்கரை. ஆதார் அட்டை, மீனவர் அடையாள அட்டை, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஈரம் படாமல் ஒரே பாலித்தீன் பையில் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்பார். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் வந்தார். அந்தப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம், ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரை. பத்தில் நான்குதான் பிரித்திருந்தது.

"டெஸ்ட்ல நார்மல்னு வந்துருச்சேம்மா, அப்புறம் எதுக்கு? வலை இழுத்தா தோளும் தொடையும் ஒரே கடுப்பு. மாத்திரைதான் காரணம்னு கூட வர்றவங்க சொன்னாங்க."

மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை என்று எங்கிருந்து வந்தாலும் இந்த இரண்டு காரணங்களைத்தான் அதிகம் கேட்கிறேன்.

முதல் காரணம். அவருக்கு எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்பு 168 இருந்தது, மூன்று மாதத்தில் 98 ஆனது. இறக்கியது மாத்திரை. நிறுத்திய பிறகு பார்த்தால் மறுபடி 160. இந்த ரத்தக் கொழுப்பில் (கொலஸ்ட்ரால்) பெரும்பகுதியை உடம்பே, முக்கியமாகக் கல்லீரல், தயாரிக்கிறது. அதனால்தான் தினமும் மீன் சாப்பிடுகிறவருக்கும் ஏறுகிறது. தயாரிப்புக்குத் தேவையான ஒரு நொதியை ஸ்டாட்டின் தடுக்கிறது. உடனே கல்லீரல் ரத்தத்தில் இருக்கும் எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. மாத்திரையை விட்டால் சில வாரங்களில் பழைய கதைதான். காய்ச்சல் மாத்திரை போல நினைத்து நிறுத்துகிறார்கள். இது அப்படியல்ல.

"பத்து மில்லி என்னம்மா செய்யும்?" என்றும் கேட்பார்கள். நிறையச் செய்யும். அந்த அளவிலேயே எல்டிஎல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். 20 ஆக்கினால் கூடுதலாகக் கிடைப்பது ஏறக்குறைய ஆறு சதவீதம்தான். சர்க்கரை இருந்து, நாற்பதைத் தாண்டிய பலருக்கு இந்தச் சின்ன மாத்திரை போதும். ஆனால் மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் கதை வேறு. அவர்களுக்கு அதிக அளவு தேவை. பக்கத்து வீட்டுக்காரர் பத்து போடுகிறார் என்று தன் மாத்திரையைப் பாதியாக உடைக்கக் கூடாது.

அடுத்தது வலி. அதை நான் பொய் என்று சொல்லவில்லை. ஸ்டாட்டினால் தசை வலி வருவது உண்டு, ஆனால் நினைப்பதைவிடக் குறைவு. இங்கிலாந்தில் பக்கவிளைவால் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேருக்குச் சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை, சில மாதம் எதுவுமில்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2020-இல் வந்தது. ஸ்டாட்டின் மாதங்களில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரை மாதங்களிலும் வந்திருந்தது.

அண்ணனிடம் கேட்டேன்: "மாத்திரையை விட்ட பிறகு வலி போச்சா?" யோசித்தார். "இல்லம்மா, கடலுக்குப் போனா இருக்கத்தான் செய்யுது." சரி, தடைக்காலமான இந்த 61 நாளும் வலை இழுக்கப் போவதில்லை, மாத்திரையைப் போட்டுப் பாருங்கள் என்றேன். தசை நொதியைக் காட்டும் சிகே பரிசோதனையும் செய்தோம், இயல்பாக இருந்தது. ஜூன் முதல் வாரம் வந்தார். மாத்திரை விடாமல் போட்டிருக்கிறார், வலி இல்லை. எனக்கு அன்றைக்கு அவ்வளவு நிம்மதி.

எல்லாருக்கும் இப்படியே முடியும் என்றில்லை. வலி தாங்க முடியாமல் இருந்தாலோ, கை கால் பலமிழந்தாலோ, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளானாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். வேறு எதற்காவது கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் எழுதினால், ஸ்டாட்டின் போடுவதைச் சொல்லுங்கள். கர்ப்பமாக இருக்கும் பெண்கள், அதற்குத் திட்டமிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

கிளம்பும்போது அண்ணன், ராத்திரி கடலில் இருந்தால் எப்படிப் போடுவது என்று கேட்டார். அட்டோர்வாஸ்டாட்டினை எந்த நேரத்திலும் போடலாம், கரைக்கு வந்து சாப்பிட்ட பிறகு போட்டாலும் சரி. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம், ஒன்றே போதும்.