நசுங்கினால் மின்சாரம் தரும் படிகங்கள்

பேட்டரி இல்லாத கேஸ் லைட்டரை அழுத்தும்போது வரும் 'டக்' ஓசை, உள்ளே ஸ்பிரிங்கில் மாட்டிய சிறு சுத்தியல் ஒரு பீங்கான் துண்டின் தலையில் அடிக்கும் ஓசை. அந்த ஓர் அடியில் பல ஆயிரம் வோல்ட் எழுந்து பொறி பறக்கிறது.

அழுத்தினால் மின்சாரம் எழும் இந்த அழுத்தமின் விளைவை 1880-இல் குவார்ட்ஸ், டூர்மலின் முதலிய படிகங்களில் கண்டறிந்தவர்கள் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக்கும்.

அடித்தால் எந்தத் திடப்பொருளும் துளியாவது நசுங்கத்தான் செய்யும். பிறகு ஏன் எல்லாமே மின்சாரம் தருவதில்லை? அணுக்கள் அமர்ந்திருக்கும் ஒழுங்கில்தான் விஷயம் இருக்கிறது. உப்புப் படிகத்தில் ஒரு சோடியம் அயனிக்கு வலப்புறம் ஒரு குளோரைடு இருந்தால், அதே தொலைவில் இடப்புறமும் ஒன்று இருக்கும். எப்படி நசுக்கினாலும் இரண்டும் ஒன்றுபோல நகர்ந்து கணக்கு நேராகிவிடும். குவார்ட்ஸில் ஒவ்வொரு சிலிக்கானையும் நான்கு ஆக்சிஜன்கள் நான்முகியாகச் சூழ்ந்திருக்கின்றன. எந்த ஆக்சிஜனுக்கும் நேர் எதிரே இன்னொன்று கிடையாது. உரிய திசையில் அழுத்தினால் நேர்மின்னூட்டத்தின் மையமும் எதிர்மின்னூட்டத்தின் மையமும் இம்மியளவு விலகுகின்றன. கோடானுகோடி அணுக்களிடையே இதே விலகல் ஒரே பக்கமாக நிகழ்வதால், படிகத்தின் எதிரெதிர் முகங்களில் மின்னூட்டம் தோன்றுகிறது.

இது தலைகீழாகவும் நடந்தாக வேண்டும், அதாவது மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் அசைய வேண்டும் என்று 1881-இல் இயற்பியலாளர் காபிரியேல் லிப்மன் வெப்ப இயக்கவியல் கணக்கிலிருந்தே சொன்னார். கியூரி சகோதரர்கள் சோதித்தார்கள், நடந்தது. இரு திசைக்கும் எண் ஒன்றே என்பதுதான் இதில் அழகு. ஒரு நியூட்டன் விசைக்குக் குவார்ட்ஸ் தருவது சுமார் 2.3 பிக்கோகூலூம் மின்னூட்டம் (பிக்கோ என்றால் லட்சம் கோடியில் ஒரு பங்கு), ஒரு வோல்ட்டுக்கு அது அசைவது 2.3 பிக்கோமீட்டர். ஓர் அணுவின் விட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்குகூட வராது!

இவ்வளவு சிறிய அசைவில் கிடைக்கும் ஆற்றலும் சிறிதுதான். ஆகவே, காலடியில் மின்சாரம் எடுத்து ஊருக்கே விளக்கேற்றலாம் என்ற பேச்சை நான் நம்புவதில்லை. ஆனால் துல்லியத்துக்கு இதை மிஞ்ச ஆளில்லை. கைக்கடிகாரத்தில் கவை வடிவக் குவார்ட்ஸ் துண்டு நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கருவியின் முனையிலோ இரண்டு திசையும் சேர்ந்தே வேலை செய்கின்றன: மின்துடிப்பை ஒலியாக்கி உடலுக்குள் அனுப்பும் அதே துண்டுகள், எதிரொலி திரும்பி வந்து மோதும்போது அதை மின்குறியாக்கித் தருகின்றன.