ஆர்ட்டரைட்டிஸ்: தமனியழற்சியா, நாடியழற்சியா?

"நாடி விழுந்துவிட்டது" என்று யாராவது சொன்னால், சொந்தக்காரர்களுக்குச் சொல்லியனுப்பும் பேச்சுதான் அடுத்து வரும். ஆனால் இடது மணிக்கட்டில் நாடியே கிடைக்காத ஒரு பெண், தானே பஸ் ஏறி வந்து ஓ.பி. சீட்டு வாங்கி மருத்துவர் முன்னால் உட்கார்ந்திருக்க முடியும். வயது இருபத்தைந்து இருக்கும். துணி பிழிந்தால், தலை பின்னினால் கை சீக்கிரம் சோர்ந்து வலிக்கிறது என்பார். கடைசியில் அவருடைய கோப்பில் ஏறும் பெயர் டகயாசு ஆர்ட்டரைட்டிஸ். வீட்டில் பாதிப்பேர் அதை ஆர்த்ரைட்டிஸ் என்று காதில் வாங்கி, "மூட்டு வலிதானே" என்பார்கள். மூட்டும் சிலருக்கு வலிக்கும் என்பதால் குழப்பம் இன்னும் கூடும்.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். ஆர்ட்டரி என்றால் தமனி, இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய். ஆர்ட்டரைட்டிஸ் அந்தக் குழாயின் சுவரில் வரும் அழற்சி. ஆர்ட்டரி என்பதன் மூலம் கிரேக்க 'ஆர்ட்டீரியா'. பழங்காலத்தில் மூச்சுக்குழலுக்கும் இதே பெயர்தான். இறந்த உடலில் தமனிகள் பெரும்பாலும் வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்தவர்கள், அவற்றில் காற்று ஓடுகிறது என்று நம்பினார்கள். 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் கேலன்தான் உள்ளே இருப்பது இரத்தம் என்று காட்டினார். வேடிக்கை என்னவென்றால், நம் 'தமனி'யும் அதே காற்றில் பிறந்த சொல். வடமொழி 'தமனி'க்கு வேர், ஊதுதல் என்ற பொருளுடைய 'தம்'. கொல்லனின் துருத்திக் குழாய்போல ஒரு குழாய். இரண்டு பண்பாடுகளும் இரத்தக் குழாய்க்குக் காற்றின் பெயரை வைத்துவிட்டன.

'ஐட்டிஸ்' கிரேக்கத்தில் வெறும் 'சார்ந்த' என்ற ஒட்டுதான். 'மூட்டு சார்ந்த நோய்' என்ற தொடரில் 'நோய்' உதிர்ந்துபோய், பின்னாளில் ஒட்டே அழற்சியைக் குறிக்க ஆரம்பித்தது. தமிழ்ச் சொல் இதைவிடத் தெளிவு. சுழல் சுழற்சி ஆனதுபோல, அழல் அழற்சி ஆனது. அழல் என்றால் நெருப்பு. இலத்தீன்காரர்களும் தீச்சுடரை வைத்துத்தான் இதற்குப் பெயர் கட்டினார்கள். (அலர்ஜியைத் தமிழில் எழுதுவதாக நினைத்து அழற்சி என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அது ஒவ்வாமை, இது வேறு.)

சரி, டகயாசு யார்? ஜப்பானின் கனசாவாவில் இருந்த கண் மருத்துவர் மிகிட்டோ டகயாசு. 1908இல் கண் மருத்துவர்கள் கூடிய கூட்டத்தில், ஓர் இளம்பெண்ணின் விழித்திரையில் பார்வை நரம்புத் தட்டைச் சுற்றி இரத்தக் குழாய்கள் மலர்வளையம்போலப் பின்னிக் கிடந்ததை விவரித்தார். நாடியைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அதே கூட்டத்தில் ஒனிஷி, ககோஷிமா என்ற இருவர், தாங்களும் இப்படிப்பட்ட கண்ணைப் பார்த்ததாகவும், அந்த நோயாளிகளுக்கு மணிக்கட்டில் நாடி கிடைக்கவில்லை என்றும் சொன்னார்கள். கழுத்துத் தமனிகள் சுருங்கித் தலைக்குப் போகும் இரத்தம் குறைந்ததால் கண்ணில் வந்த மாற்றம் அது. 1951இல் ஷிமிசு, சானோ இருவரும் இதை 'நாடித்துடிப்பற்ற நோய்' என்று எழுதினார்கள். அந்தப் பெயர் உலகமெங்கும் பரவியது.

எனக்கு அந்தப் பெயரில் ஒரு மனக்குறை. நாடி காணாமல் போவது பிந்திய கட்டம். முதலில் வருவது காய்ச்சல், அசதி, எடை குறைதல் என்று எந்த நோய்க்கும் பொருந்துகிற தொல்லைகள். தமனிச் சுவரில் அழல் மூண்டு, சுவர் தடித்து, உள்வழி சுருங்கிய பிறகுதான் கையில் துடிப்பு மங்கும். அதற்குள் மாதங்கள், சில நேரம் வருடங்கள் போயிருக்கும். அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரத்த அளவுகள் கூடியிருக்கலாம், நோய் உள்ளே கனன்றுகொண்டிருக்கும்போதே இயல்பாகவும் இருக்கலாம். இந்த நோய்தான் என்று அடித்துச் சொல்லும் இரத்தப் பரிசோதனை கிடையாது. பெருந்தமனியில் துண்டு வெட்டிப் பார்க்கவும் வழியில்லை.

அதனால் கண்டறிதல் பழைய கைவேலையில்தான் ஆரம்பிக்கிறது. இரண்டு கையிலும் பி.பி. பார்ப்பது. ஒரு கையில் 150, மறு கையில் 100 என்று வந்தால் கருவியைக் குறை சொல்லிவிட்டுப் போகக்கூடாது. 1990இன் அமெரிக்க வாதநோய்க் கல்லூரி அளவுகோல், 10 மி.மீ.க்கு மேற்பட்ட வித்தியாசத்தையே ஒரு குறியாக எடுத்துக்கொண்டது. அப்புறம் காறை எலும்பின் மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால், குறுகிய குழாயில் இரத்தம் முட்டிச் செல்லும் 'உஸ்ஸ்' ஓசை. இந்திய நோயாளிகளில் சிறுநீரகத் தமனி சுருங்குவது அதிகம் என்பதால், சின்ன வயதில் காரணம் தெரியாத உயர் இரத்த அழுத்தமே முதல் தடயமாகவும் இருக்கும். முடிவு சொல்வது இரத்தக் குழாய்களைக் காட்டும் சி.டி., எம்.ஆர். ஆஞ்சியோ படங்கள். 2022இல் வந்த புதிய அளவுகோலில் படச்சான்று இல்லாமல் மேலே போகவே முடியாது. அழல் தணிந்ததா என்று மதிப்பெண் போட, வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் சேர்ந்து உருவாக்கிய 'ஐடாஸ் 2010' என்ற இந்திய முறை இருக்கிறது.

இனி தமிழ்ப் பெயர். 'பெருந்தமனி அழற்சி' என்று சிலர் எழுதுகிறார்கள். பெருந்தமனி என்றால் இதயத்திலிருந்து கிளம்பும் அயோர்ட்டா மட்டும். கழுத்துக்கும் கைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் கிளைகள் விடுபட்டுப் போகும். 'டகயாசு தமனியழற்சி' என்பதே என் தேர்வு. இலங்கைப் பாடநூல்களில் தமனிக்குப் பெயர் நாடி, சிரைக்கு நாளம். அங்கே 'நாடியழற்சி' இயல்பாகவே விளங்கும். இங்கே அது சிக்கல். திருநெல்வேலிப் பக்கம் நாடி என்றால் முகவாய். முதியவர்களுக்கு நெற்றிப்பொட்டுத் தமனியில் வரும் அழற்சியில் மெல்லும்போது தாடை வலிக்கும். அப்படி வலிக்கிற ஒரு திருநெல்வேலிக்காரரிடம் போய் "உங்களுக்கு நாடியழற்சி" என்றால், முகவாயைத் தடவிக்கொண்டே "ஆமா டாக்டர், இங்கதான்" என்பார்.