கொதிக்க மறுக்கும் தண்ணீரும் கிண்ண முட்டையும்

“ஓவனில் முட்டை சுட்டுப் பார்த்தேன். வெள்ளைக்கரு செருப்பு ரப்பர் மாதிரி ஆகிவிட்டது. மஞ்சள்கரு சுண்ணாம்புப் பொடியாக உதிர்கிறது. மேலே தூவிய கொத்தமல்லி வைக்கோல். 180 டிகிரி, 20 நிமிடம்தான் வைத்தேன். எங்கே தப்பு?” என்று சேலத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

உங்கள் மேல் தப்பில்லை அம்மா. கிண்ணத்தை நேராகக் கம்பித்தட்டில் வைத்தீர்களே, அங்கேதான் எல்லாம் போயிற்று.

இது பிரெஞ்சுக்காரர்களின் பண்டம். சின்னப் பீங்கான் கிண்ணத்தில் வெண்ணெய் தடவி, முட்டையை உடைத்து ஊற்றி, கொஞ்சம் கிரீமும் பச்சிலையும் சேர்த்து ஓவனில் வைப்பார்கள். ‘கொகோத்’ முட்டை என்று பெயர். கொகோத் என்றால் சட்டி. கிண்ணத்தை அவர்கள் வெறும் தட்டில் வைப்பதில்லை, தண்ணீர் ஊற்றிய தட்டில் வைக்கிறார்கள். சங்கதியே அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது.

முதலில் முட்டை. வெள்ளைக்கருவில் 100-க்குக் கிட்டத்தட்ட 90 பங்கு தண்ணீர், 10 பங்கு புரதம். புரத மூலக்கூறு ஒவ்வொன்றும் சுருட்டிக் கட்டிய கொடிக்கயிறு போலத் தனித்தனியாக மிதக்கிறது. சூடு பட்டால் கட்டு அவிழ்ந்து, பக்கத்துக் கயிற்றோடு சிக்கிக்கொண்டு வலையாகிவிடும். வலைக் கண்ணிகளில் தண்ணீர் மாட்டிக்கொள்ளும். பத்துப் பங்கு புரதம் தொண்ணூறு பங்கு தண்ணீரை ஓடவிடாமல் நிறுத்திவைக்கிறது. வெந்த முட்டை என்பது அவ்வளவுதான். சூடு இன்னும் ஏறினால் வலை இறுகும். ஈரத்துணியைப் பிழிவது போலத் தண்ணீர் வெளியே வரும், மிஞ்சுவது ரப்பர்.

எல்லாக் கயிறும் ஒரே சூட்டில் அவிழாது. ஓவோட்ரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் 60 டிகிரியைத் தாண்டியதுமே அவிழத் தொடங்கும். ஆனால் அது வெள்ளைக்கருப் புரதத்தில் 12 சதவீதம்தான். பாதிக்கு மேல் இருக்கும் ஓவல்புமின் 80 டிகிரி வரை அசைந்துகொடுக்காது. மஞ்சள்கருவோ 65-இல் குழைந்து 70-இல் கெட்டியாகிவிடும். ஒரே கிண்ணத்தில் ஒன்றுக்கு 80 வேண்டும், இன்னொன்று 70-ஐத் தாண்டக் கூடாது. மாமியாரையும் மருமகளையும் ஒரே அறையில் வைத்து ஏசி போடுகிற கதைதான்.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். 180 டிகிரி ஓவனில் திறந்த தட்டில் தண்ணீர் வைத்தால் என்ன ஆகும்? கொதிக்கும் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் வீட்டு ஓடிஜியில் (மேசைமேல் வைக்கும் சின்ன மின் ஓவன்) அரை மணி நேரம் வைத்துவிட்டு வெப்பமானியை விட்டுப் பார்த்தேன்: 84. இன்னும் கால் மணி நேரம் கழித்தும் அதேதான். சுற்றிலும் 180, நடுவில் தண்ணீர் மட்டும் அலுங்காமல் உட்கார்ந்திருக்கிறது!

காரணம் நம் மண்பானை. பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் நீரிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது, தண்ணீர் குளிர்கிறது. ஓவனுக்குள்ளும் அதே கணக்குதான். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி போதும். ஒரு கிராமை ஆவியாக்க ஏறக்குறைய 540 கலோரி வேண்டும். தண்ணீர் சூடாகச் சூடாக ஆவியாகும் வேகமும் கூடுகிறது. 80-க்கும் 90-க்கும் இடையில் எங்கோ ஓரிடத்தில், ஓவன் உள்ளே தள்ளும் வெப்பமும் ஆவி வெளியே தூக்கிப்போகும் வெப்பமும் சரிக்குச் சரியாகிவிடும். அதற்கு மேல் ஏறாது. தட்டும் ஓவனும் மாறினால் இரண்டு மூன்று டிகிரி முன்னே பின்னே இருக்கலாம். தட்டை அலுமினியத் தாளால் இறுக மூடிப் பாருங்கள்: ஆவிக்கு வழியில்லை, கொஞ்ச நேரத்தில் தளதளவென்று கொதிக்க ஆரம்பிக்கும். “மூடி வைத்தால் சீக்கிரம் வேகும்” என்ற நம் சமையலறைப் பாடம் இங்கே முட்டையைக் கெடுத்துவிடும்.

84 டிகிரி நீர் கிண்ணத்தின் சுவரைத் தொட்டுக்கொண்டிருப்பதால், ஓரத்தில் இருக்கும் வெள்ளைக்கருவுக்கு வேண்டிய சூடு கிடைக்கிறது. நடுவில் உள்ள மஞ்சள்கருவுக்கு வெப்பம் வெள்ளையைக் கடந்துதான் போக வேண்டும், அதனால் அது பின்தங்குகிறது. அந்த இடைவெளியில் எடுத்துவிட வேண்டும், அவ்வளவே. 12 நிமிடத்தில் கிண்ணத்தை லேசாகத் தட்டுங்கள். நடுப்பகுதி தயிர் மாதிரி ஆடினால் எடுத்துவிடலாம்; பீங்கானில் தங்கிய சூடு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். (குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மட்டும் மஞ்சள்கரு முழுக்க வேகட்டும், வயிற்றைக் கெடுக்கும் சால்மோனெல்லா கிருமியோடு விளையாட்டு வேண்டாம்.)

வெந்த முட்டையைப் பச்சை முட்டையாக்க முடியுமா? 2015-இல் ஆஸ்திரேலிய, அமெரிக்க விஞ்ஞானிகள் சேர்ந்து கொஞ்சம் செய்து காட்டினார்கள். 90 டிகிரியில் 20 நிமிடம் வெந்த வெள்ளைக்கருவை யூரியாவில் கரைத்து, வேகமாகச் சுழலும் குழாயில் விட்டு, லைசோசைம் என்ற புரதத்தைப் பழைய மடிப்புக்குக் கொண்டுவந்தார்கள். விசித்திர ஆய்வுகளுக்கென்றே வேடிக்கையாகத் தரும் ‘இக்நோபல்’ பரிசு கொடுத்து உலகம் சிரித்தது. ஆனால் மருந்துக்காகப் புரதம் தயாரிப்பவர்களுக்கு, தப்பாக மடிந்து வீணாகும் சரக்கை மீட்பது பெரிய காசு. நம் ஊரில் “முட்டையை அவிக்காததாக்குவது” என்று ஆராய்ச்சி நிதி கேட்டு ஒரு விண்ணப்பம் போயிருந்தால் முதல் சுற்றிலேயே குப்பைக்குப் போயிருக்கும் என்பது என் கணிப்பு. ‘உடனடிப் பயன் என்ன?’ என்ற கட்டத்தை நிரப்பியே நம்மவர்களுக்கு வயதாகிறது.

அதே சூட்டில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மஞ்சள்கரு ஆரஞ்சாக இருந்தால் சத்து அதிகம் என்று கூடுதல் விலை கொடுக்காதீர்கள். அந்த நிறம் கோழி தின்ற தீவனத்திலிருந்து வருகிறது. மக்காச்சோளமும் துலுக்கச் சாமந்திச் சாறும் கலந்தால் பண்ணைக் கோழியும் ஆரஞ்சாகவே போடும். புதிய முட்டையா என்று மட்டும் பாருங்கள். நாளாக ஆக ஓட்டின் துளைகள் வழியே கரியமில வாயு வெளியேறி வெள்ளைக்கரு நீர்த்துவிடும், கிண்ணத்தில் மஞ்சளைத் தாங்கிப் பிடிக்காது.

அப்புறம் அந்தக் கொத்தமல்லி. அதன் வாசனை ஆல்டிஹைடு வகை மூலக்கூறுகளால் வருவது. சூட்டில் பறந்துவிடும், பறக்காதது வேறொன்றாக மாறிவிடும். ரசத்தை இறக்கிய பிறகு மல்லித்தழை கிள்ளிப் போடுகிறோமே, அது இதனால்தான். பிரெஞ்சுக்காரர்கள் போடும் தைம் இலை முரட்டு ரகம், அதன் வாசனைப் பொருளான தைமால் சூட்டைத் தாங்கும். அதை வெண்ணெயோடு அடியிலேயே போடலாம். இந்த வாசனைப் பொருள்கள் தண்ணீரைவிடக் கொழுப்பில் நன்றாகக் கரையும். கறிவேப்பிலையை எண்ணெயில் தாளிப்பதும் அதே தந்திரம். ஆகவே கறிவேப்பிலையை வெண்ணெயில் பொரித்துக் கிண்ணத்தின் அடியில் விடுங்கள், மேலே ஒரு கரண்டி கிரீம்.

மல்லியும் புதினாவும் ஓவன் பக்கமே வர வேண்டாம். கிண்ணத்தை வெளியே எடுத்து, பொடியாக நறுக்கியதை அப்போதே தூவி, ஒரு நிமிடம் விடுங்கள். கிரீமின் சூட்டில் இலை லேசாகத் துவளும்போது ஒரு வாசனை எழும். கரண்டியை அப்போது போடலாம்.