காந்தாரி மிளகு கறிக்கு, கொழுப்புக்கு மாத்திரை

குமரி மாவட்டத்தில் கொழுப்புக்கு மாத்திரை எழுதும் மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: “மாத்திரை எதுக்கு டாக்டரே? வீட்டுல காந்தாரி மிளகு நிக்குதே. தெனமும் ரெண்டு மூணு தின்னா கொழுப்பு கரைஞ்சு போவும்லா?” சிலர் கேட்பதோடு நிற்பதில்லை. மாத்திரையை நிறுத்திப் பல மாதம் ஆனபிறகுதான் எங்களிடம் சொல்கிறார்கள். அதுதான் பயமாக இருக்கிறது.

காந்தாரி என்னும் அந்தச் சின்ன, காரமான மிளகாயைக் குறை சொல்ல நான் வரவில்லை. தென்னந்தோப்பிலும் வேலியோரத்திலும் பறவை போட்ட விதையிலேயே முளைத்து, வானத்தைப் பார்த்துக் காய்க்கும் செடி அது. பறவைகளுக்கு அதன் காரம் உறைக்காது. காந்தாரியையும் சின்ன உள்ளியையும் கல்லுப்போடு நசுக்கி, பச்சைத் தேங்காயெண்ணெய் விட்டுக் குழைத்து, அவித்த மரச்சீனிக்கிழங்கோடு தொட்டுச் சாப்பிட்டால் அதற்கு ஈடே கிடையாது.

மிளகாயில் உறைப்பது கேப்சைசின் என்ற பொருள். சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் விழித்துக்கொள்ளும் உணர்வி ஒன்று நம் வாயின் நரம்புகளில் இருக்கிறது. கேப்சைசின் போய் ஒட்டுவது அதில்தான். அதனால்தான் சூடே இல்லாமல் நாக்கு எரிகிறது. இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, கொழுப்புக்கு வருவோம். ரத்தத்தில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி நம் உடலே தயாரிப்பது. கொழுப்புக்கு நாங்கள் எழுதும் ஸ்டாட்டின் மாத்திரை கல்லீரலில் அந்தத் தயாரிப்பைத் தடுக்கிறது. மிதமான அளவிலேயே எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பை 30 சதவீதத்துக்கு மேல் குறைக்கும். மிளகாயைப் பற்றியும் சில ஆய்வுகள் உண்டு. ஆனால் மாத்திரைக்குப் பதிலாக அதைக் கொடுக்கலாம் என்று சொல்லும் அளவுக்கு அவற்றில் ஒன்றுமில்லை. மாரடைப்பு வந்து இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள் மாத்திரையை விட்டுவிட்டு மிளகாயை நம்புவது உயிரோடு விளையாடுவது.

இதில் இன்னொரு கேடும் இருக்கிறது. மருந்து என்று நினைத்துத் தின்னும் காந்தாரி பல வீடுகளில் உப்புநீரில் ஊறியது. கொழுப்பு உள்ளவர்களில் பலருக்கு ரத்த அழுத்தமும் சேர்ந்தே இருக்கும். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புக்குள் இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடும் ஊறுகாயும் பழகிய நம் வீடுகளில் அதைத் தாண்டுவது சுலபம். கடையில் வாங்கும் சில்லி சாஸும் அப்படித்தான். பாட்டிலின் பின்பக்கம் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு.

காரம் வேண்டும், உப்பு வேண்டாம் என்றால் வழி இருக்கிறது. காந்தாரியை உப்பில்லாமல் வினிகரில் மூழ்க வைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள், ஒரு துளி போதும். மீன்கறியில் காந்தாரியை நசுக்காமல் முழுசாகப் போட்டால் மணம் இறங்கும், காரம் அளவாக இருக்கும். குடம்புளியும் நல்லமிளகும் கூடினால் உப்புக் குறைவது அவ்வளவாகத் தெரியாது. பிள்ளைகளுக்குச் சமைக்கும்போது பச்சைமிளகாயைக் கீறி உள்ளே இருக்கும் வெள்ளைத் தசையை எடுத்துவிடுங்கள். காரம் அதிகம் இருப்பது அங்கேதான், விதையில் அல்ல. நெஞ்செரிச்சல், ஆசனவாய் வெடிப்பு உள்ளவர்கள் ஆறும்வரை காரத்தைக் குறைப்பது நல்லது.

அப்புறம், கை எரிச்சல். கேப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். மிளகாய் நசுக்கிய கையில் முதலில் தேங்காயெண்ணெய் தேய்த்துத் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதற்குமுன் கண்ணையும் குழந்தையையும் தொடவேண்டாம். வாய் எரிந்தால் தண்ணீரைவிடப் பாலோ தயிரோ நல்லது.

மாத்திரையை ஏற்கெனவே நிறுத்தியவர்கள், என்றைக்கு நிறுத்தினோம் என்பதை மறைக்காமல் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். திட்டுவார் என்று பயந்து மறைத்தால், மாத்திரை வேலை செய்யவில்லை என்று நினைத்து அவர் அளவைக் கூட்டிவிடுவார்.